நலப்பக்கத்துப் புகைப்படம்

தஞ்சாவூரில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். வாரத்தில் ஒருநாள் வரும் நலப்பக்கம் என் பொறுப்பு. காலையில் பாபநாசத்தில் பஸ் ஏறினால் பத்து மணிக்குள் மேசைக்கு வந்துவிடலாம். பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். சர்க்கரை நோய்க்கு என்ன கஞ்சி, முழங்கால் வலிக்கு என்ன பயிற்சி, மழைக்காலக் காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று சுற்றிச் சுற்றி வரும் பக்கம் அது. அதனால் யாருக்கும் பெரிய நன்மை வந்ததாக எனக்குத் தெரியாது. கெடுதல் வரும் என்றும் நினைத்ததில்லை.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். செய்தி ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. வெளிநாட்டில் பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. வேப் என்று பிள்ளைகள் சொல்லும் இ-சிகரெட்டை இழுத்தவர்கள், அதைத் தொடாதவர்களைவிட அதிகமாகப் பின்னாளில் நிஜ சிகரெட்டுக்குப் போயிருந்தார்கள் என்பது அதன் சாரம். முன்பாதி முழுக்க இதுதான். கடைசி மூன்று பத்திகள் வேறு மாதிரி இருந்தன. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது, எப்படியும் சிகரெட் பக்கம் போகக்கூடிய பிள்ளைகளே முதலில் வேப்பையும் தொட்டிருக்கலாம், வீட்டில் பெரியவர்கள் புகைபிடிப்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம் என்று ஆய்வு செய்தவர்களே சொல்லியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்து முடித்தேன். மூன்று மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து கால்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. பல் மருத்துவமனைத் திறப்பு விழா. இடம் போய்விட்டது. செய்தியை வெட்ட வேண்டுமானால் எங்கள் தொழிலில் வாலிலிருந்துதான் வெட்டுவோம். கடைசி மூன்று பத்திகளையும் எடுத்துவிட்டேன்.

செய்தி ஆசிரியர் வந்து பக்கத்தைத் திரையில் பார்த்தார். 'வேப் பழக்கமும் சிகரெட்டும்: ஆய்வு சொல்வது என்ன?' என்று நான் வைத்திருந்த தலைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன மேடம், பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கு? நம்ம ஊரு ஆளு இத எதுக்கு நின்னு படிக்கப் போறான்?"

அவரே உட்கார்ந்து மாற்றினார். 'வேப் இழுத்தால் அடுத்தது சிகரெட்! புகையில் சிக்கும் பள்ளி மாணவர்கள்.' அதோடு விடவில்லை. முதல் பத்தியின் முடிவில் ஒரு வரி சேர்த்தார். 'டெல்டா மாவட்டங்களிலும் இந்தப் பழக்கம் வேகமாகப் பரவி வருவதாகக் கூறப்படுகிறது.'

"யார் சார் கூறினது?" என்று கேட்டேன்.

"நம்ம பாபநாசம் நிருபர் போன வாரம் போன்ல சொன்னாரு. தடை போட்ட பொருள், கடையில மறைச்சு வச்சு விக்கிறானுங்களாம். போதும் மேடம், போடுங்க."

படமும் கேட்டார். எங்கள் படக்கோப்பில் 'மாணவர்கள், பஸ் நிறுத்தம்' என்று தேடினேன். சீருடையில் நான்கு பையன்கள் சாலையோரம் நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. முன்னால் நிற்பவன் இரண்டு விரல்களை உதட்டருகே வைத்திருந்தான். முகங்களை மங்கலாக்கச் சொல்லி வடிவமைப்பாளரிடம் கொடுத்தேன். மங்கலாக்கியதும் அந்த விரல்களுக்கு நடுவே ஏதோ இருப்பது போலவும் வாயிலிருந்து புகை வருவது போலவும் ஆகிவிட்டது. அது என் கண்ணில் பட்டது. செய்திக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்றுதான் அப்போது தோன்றியது. 'கோப்புப் படம்' என்று அடியில் போட வேண்டும், அதற்கும் இடமில்லை.

மூலையில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு சிறிய பெட்டி வைத்தேன். 'பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.' இணையத்தில் அங்கும் இங்கும் பார்த்து நானே தொகுத்தது. உடம்பிலோ உடையிலோ பழ வாசனை. தனியாக இருக்க விரும்புதல். காரணமில்லாத எரிச்சல். குளியலறையில் நெடுநேரம். புதிய நண்பர்கள். கைப்பேசியை மறைத்தல்.

பக்கம் வெளியான மறுநாளே அது வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. துபாயில் வேலை பார்க்கும் என் கணவருக்கு யாரோ அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார். படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'தஞ்சை மாவட்டப் பெற்றோர்களே உஷார்! நம் ஊர்ப் பள்ளி மாணவர்கள் கையும் களவுமாகச் சிக்கினர்!' என்று மேலே எழுதியிருந்தது. அன்று மாலையே போன் செய்தார்.

"இது நம்ம பேப்பர்தானே? நீ எழுதினதா?"

"செய்தி நான் எழுதினது. மேல உள்ளது எவனோ சேத்தது."

"எவன் எழுதினா என்ன? நம்ம பொண்ணு படிக்கிற ஊருதானே அது. ப்ளஸ் ஒன் வேற. அவளக் கொஞ்சம் கவனிச்சுக்க."

"அவ பொண்ணுங்க."

"இந்தக் காலத்துல அதெல்லாம் பாக்குதா?"

அவர் போனை வைத்ததும் நான் அடுப்படியிலிருந்து கூடத்தை எட்டிப் பார்த்தேன். மகள் பாயில் குப்புறப் படுத்துக் கைப்பேசியில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் அதைத் திருப்பி வைத்தாள்.

அந்த வாரம் முழுவதும் நான் தாயாக இல்லை, போலீஸாக இருந்தேன். அவள் குளித்துவிட்டு வந்தால் உள்ளே போய் மோந்து பார்த்தேன். ஸ்ட்ராபெரி வாசனை வந்தது. நான் வாங்கிக் கொடுத்த ஷாம்புதான் என்று தெரிந்தும், ஷாம்பு இவ்வளவு நேரம் மணக்குமா என்று குளியலறை வாசலில் நின்று யோசித்தேன். தோசை வைக்கும்போது "ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்று எரிந்து விழுந்தாள். காரணமில்லாத எரிச்சல். டியூஷனிலிருந்து கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். யாரோடு வந்தாய் என்றால் நான் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். புதிய நண்பர்கள். நானே எழுதிய பெட்டியில் இருந்த வரிகள் ஒவ்வொன்றும் என் வீட்டுக்குள் நடமாடின. பதினாறு வயதுள்ள எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பட்டியல் பொருந்தும் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. தலையணை உறையைக்கூட முகர்ந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் டியூஷனுக்குச் சைக்கிளில் கிளம்பினாள். பள்ளிக்கூடப் பை அலமாரிக்குக் கீழே இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பையைத் தரையில் கவிழ்த்தேன். புத்தகங்கள், காம்பஸ் பெட்டி, சானிட்டரி நாப்கின் ஒன்று, பாதி தின்ற கடலை மிட்டாய். உயிரியல் நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு செய்தித்தாள் துண்டு. பிரித்தேன். என்னுடைய நலப்பக்கம்.

பென்சிலால் அதில் நிறையக் கோடு போட்டிருந்தாள். தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. 'கூறப்படுகிறது' என்ற சொல்லைச் சுற்றி வட்டம், பக்கத்தில் 'யார்?' என்று எழுதியிருந்தாள். செய்தி முடியும் இடத்தில் 'இங்கே 3 பாரா காணோம்' என்று அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்து.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ரெக்கார்டு நோட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். கதவைத் திறந்தவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுற?"

நான் செய்தித்தாள் துண்டை மடிக்கப் பார்த்தேன்.

"வேப்பா?"

"அப்பாதான் சொன்னாங்க, கவனிச்சுக்கன்னு…"

"என் தலகாணிய மோந்து பாத்தியே, அதுவும் அப்பா சொன்னாங்களா? நான் பாத்துட்டுதாம்மா இருந்தேன்."

அவள் அழவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் பையில் அடுக்கினாள். நான் கையிலிருந்த துண்டை நீட்டி, "இது என்ன?" என்றேன். கேள்வி கேட்கும் உரிமை இன்னும் எனக்கு இருப்பது போல.

"நீ எழுதினதுதானே, உனக்குத் தெரியாதா? இங்கிலீஷ்ல இந்த நியூஸ் முழுசா இருக்கு. போன்லயே படிச்சேன். காரணம்னு சொல்ல முடியாதுன்னு அவங்களே போட்டிருக்காங்க. நீங்க அடுத்தது சிகரெட்டுன்னு போட்டிருக்கீங்க. வீட்டுல பெரியவங்க புகை பிடிக்கிறதப் பத்தியும் இருக்கு. அது உன் பக்கத்துல இல்ல." பையின் ஜிப்பை இழுத்தாள். "அப்பா லீவுக்கு வந்தா மாடியில போய் சிகரெட் பிடிக்கிறாங்களே, அதனாலதான் வெட்டிட்டியா?"

"விளம்பரம் வந்துடுச்சுடி. இடமில்ல."

"அந்தப் பெட்டிக்கு மட்டும் இடம் இருந்துச்சா?"

விளம்பரம் வந்தது உண்மை. வாலிலிருந்து வெட்டுவதும் வழக்கம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு, வீட்டில் புகைபிடிப்பது பற்றிய பத்தியை அழித்தபோது என் மனதில் வேறெதுவுமே இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வாசல்படியில் நின்றாள். "அந்த ஃபோட்டோவுல முன்னாடி நிக்கிறவன் எங்க க்ளாஸ்தாம்மா. நாலு நாளா ஸ்கூலுக்கு வரல."

"முகமே தெரியலையேடி."

"பை தெரியுதுல்ல. ஆரஞ்சுப் பை, வாரு அறுந்து நீல நைலான் கயித்தால கட்டியிருப்பான். ஸ்கூல் முழுக்க அவன் ஒருத்தன்தான் அப்படி. மிஸ் அவன எழுப்பி நிக்க வச்சு, அப்பாவக் கூட்டிட்டு வான்னுட்டாங்க. அவங்க அப்பா பேப்பரப் பாத்துட்டு ஸ்கூலுக்கே போகவேணாம்னு நிறுத்திட்டாராம்."

"அவன் பிடிப்பானா?"

கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது இந்தக் கேள்விதான் என்று உணர்ந்தேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

நான் பாபநாசம் நிருபருக்குப் போன் போட்டேன். வேப் பரவுகிறது என்று சொன்னது யார் என்று கேட்டேன்.

"ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னாருங்க மேடம்."

"அவர் விக்கிறாரா?"

"ஐயையோ, அவர் இல்லீங்க. அவரோட மச்சான் கும்பகோணத்துல பாத்தாராம்."

"எங்க பாத்தாரு? எந்தக் கடையில?"

"அதெல்லாம் கேக்கல மேடம். நான் சும்மா பேச்சுவாக்குல சார்கிட்ட சொன்னது. அது பேப்பர்ல வரும்னு எனக்குத் தெரியாதுங்க." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "ஏன் மேடம், ஏதாச்சும் பிரச்சனையா? யாராச்சும் என் பேரச் சொன்னாங்களா?"

டெல்டா மாவட்டங்கள் அத்தனையும் அந்த மச்சானின் ஒரு ஜோடிக் கண்ணில் நின்றன.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் படக்கோப்பைத் திறந்தேன். அன்றைக்கு நான் ஒரு படத்தைத்தான் எடுத்தேன். அதே வரிசையில் இன்னும் மூன்று இருந்தன. மாணவர்கள் கை காட்டியும் பஸ் நிற்காமல் போவதைப் பற்றிய ஒரு செய்திக்காக எங்கள் புகைப்படக்காரர் எடுத்தவை. இரண்டாவது படத்தில் அந்தப் பையன் இரண்டு விரல்களையும் வாய்க்குள் விட்டுக் கன்னம் உப்ப விசில் அடிக்கிறான். மூன்றாவதில் பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றிருக்கிறது. நான்காவதில் எல்லோரும் ஓடுகிறார்கள். ஆரஞ்சுப் பை முதுகில் குதிக்கிறது. விரல்களுக்கு நடுவில் எதுவும் இல்லை.

நான்கு படங்களையும் அச்செடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியரிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரி, விசில்தான். அதுக்கு என்ன இப்ப?"

"திருத்தம் போடணும் சார்."

"மேடம், முகத்த மறைச்சுதானே போட்டோம்? பேரும் இல்ல, ஊரும் இல்ல. நாமளா போய்த் திருத்தம் போட்டா, அது அந்தப் பையன்தான்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆவாதா?" குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையன உங்களுக்குத் தெரியுமா? சொந்தமா?"

எனக்கு இதில் ஏதோ லாபம் இருக்கிறது என்று நினைக்கிறார் என்பது புரிந்தது. என் மகளின் வகுப்பு என்று சொன்னேன். "அதானே பாத்தேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, அந்த வரியைச் சேர்த்ததற்கு இவருக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்குமோ என்று நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அப்படி ஒன்றும் இருந்திருக்காது. பக்கத்தை முடித்து அனுப்ப வேண்டும் என்பதைத் தவிர எங்கள் யாருக்கும் அன்று வேறு காரணம் இல்லை.

அடுத்த நாள் விடுப்பு எடுத்தேன். பள்ளி விட்டதும் வழி காட்ட மகளைச் சைக்கிளில் முன்னால் விட்டு, ஸ்கூட்டியில் அவள் பின்னால் போனேன். பையனின் ஊர் பாபநாசத்திலிருந்து வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர். வீட்டில் அவன் அம்மா மட்டும் இருந்தார். அப்பாவும் மகனும் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார்.

ஊர் எல்லையில் அரசு நெல் வாங்கும் இடம் அது. களத்தில் இடமில்லாமல் சாலையிலும் நெல்லைக் குவித்திருந்தார்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஈரம் அதிகமென்று திருப்பிவிட்ட நெல்லை ஆளாளுக்குத் தார்ப்பாயை விலக்கிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பையனின் அப்பா வெறுங்காலால் நெல்லைக் கிளறியபடி நடந்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா கூலிக்கு நட்ட வயலை இவர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருக்கிறார் என்று கிளம்பும் முன்பே மகள் சொல்லியிருந்தாள்.

பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் நிற்காமலே பேசினார்.

"நெல்லு நனைஞ்சதப் படம் எடுக்க வந்தீங்களா? காலையிலயே டிவிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"இல்லீங்க. உங்க பையன் படம் பேப்பர்ல வந்துச்சே, அது விஷயமா வந்தேன்."

இப்போது நின்றார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார், ஸ்கூட்டியைப் பார்த்தார், தூரத்தில் நின்ற என் மகளைப் பார்த்தார். "அதான் போட்டுட்டீங்களே. இன்னும் என்ன? இப்ப எங்கிட்டப் பேச்ச வாங்கி 'பையனின் அப்பா கதறல்'னு போடவா?"

"அந்தப் பக்கத்தப் போட்டது நான்தாங்க. தப்பாப் போட்டுட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் அதை நம்பவில்லை. யாராவது தானாக வந்து தப்பை ஒப்புக்கொள்வார்களா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "யாரு அனுப்பிச்சா உங்கள? ஸ்கூல்லேர்ந்தா?" என்று கேட்டார். நான் நான்கு படங்களையும் எடுத்து வரிசையாக நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் படத்தில் நெடுநேரம் நின்றார். இரண்டாவதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

"விசிலு," என்றார்.

"ஆமாங்க. பஸ்ஸ நிறுத்தறதுக்கு."

"விசிலுன்னுதான் அவனும் சொன்னான். நான்தான் கேக்கல. பேப்பர்ல போட்டிருக்கான், நீ பொய் சொல்றியாடான்னு அறைஞ்சுட்டேன்." நெல்லைப் பார்த்தபடியே சொன்னார். "டீக்கடையில நாலு பேரு அந்தப் பக்கத்த வச்சுக்கிட்டு, ஒன் மவன் பேப்பர்ல வந்துட்டான்டான்னு சிரிச்சானுங்க. படிச்சு மார்க் வாங்கிப் பேப்பர்ல வருவான்னு நெனைச்சிருந்தேன் நான்."

படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "இத எத்தன பேருக்கு ஒவ்வொரு வீடாப் போய்க் காட்டுவீங்க?"

"பேப்பர்ல திருத்தம் போடறேங்க."

"படம் வேணாம். மறுபடி அவன் மூஞ்சி வரவேணாம். எழுத்துல மட்டும் போடுங்க."

பையன் அதற்குள் குவியலின் மறுபக்கத்திலிருந்து வந்திருந்தான். ஒல்லியாக, கண்ணில் தூக்கம் நிறைந்த பையன். அப்பா மூட்டை தூக்குபவரிடம் பேசப் போனதும் என்னிடம் வந்தான். என் மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்து, அவளுக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகு பேசினான்.

"ஆன்ட்டி, நான் ஒரு தடவ இழுத்திருக்கேன்."

"எங்க?" என்றேன்.

"கும்பகோணத்துல கபடி மேட்ச்சுக்குப் போனப்ப, வேற ஸ்கூல் அண்ணன் ஒருத்தன் வச்சிருந்தான். மாம்பழ வாசன அடிச்சுச்சு. இருமல் வந்துடுச்சு, குடுத்துட்டேன். ஆனா அந்த ஃபோட்டோவுல இல்ல."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"படத்துல இழுத்தியான்னுதான் கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். அது உண்மதானே?" சட்டென்று, "நீங்க எழுதுவீங்களா?" என்றான்.

"மாட்டேன்."

அவன் தலையாட்டினான். நான் சொன்னதை அவன் நம்பியதாகத் தோன்றவில்லை. ஒரு தடவைதான் என்று அவன் சொன்னதை நானும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஏன் என்னிடம் சொன்னான் என்பதும் விளங்கவில்லை. அவனுடைய ஊரில் அவன் சொல்வதை யாரும் கேட்காதபோது, தப்பைச் செய்த ஒருத்தி வந்து நின்றதும் அவளிடம் கொட்டிவிட்டானோ என்னவோ. "இனிமே வேணாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். மழைக்காலக் காய்ச்சல் பற்றி எழுதும் குரலில்தான் அதுவும் வந்தது.

திருத்தம் உடனே வரவில்லை. நான் எழுதிக் கொடுத்ததைச் செய்தி ஆசிரியர் இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை பையனின் அப்பாவே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். துவைத்த வெள்ளைச் சட்டை, காதோரம் நெல் தூசு. வரவேற்பில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "ஆசிரியரப் பாக்கணும்" என்று சொன்னவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அப்படியே இருந்தார். வக்கீல் யாரையாவது பார்த்துவிட்டு வந்திருப்பாரோ என்று செய்தி ஆசிரியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே அந்த வரிகளைப் பக்கத்துக்கு அனுப்பினார். பிறகு என் மேசைக்கு வந்து, "அவரக் கெளப்பி விட்டது நீங்கதானே மேடம்?" என்றார். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. அவர் நம்பவில்லை.

அந்த வார நலப்பக்கத்தின் அடியில் ஐந்து வரி வந்தது. வேப் செய்தியோடு வெளியான படம் பஸ்ஸுக்காகக் காத்திருந்த மாணவர்களுடையது, செய்திக்கும் அதற்கும் தொடர்பில்லை, வருந்துகிறோம். அதற்கு மேலே, வெட்டுப்பட்ட மூன்று பத்திகளையும் நான் தனிச் செய்தியாக வைத்தேன். வீட்டில் புகைபிடிப்பதைப் பற்றிய பத்தியை முதலில் வைத்தேன். டெல்டாவில் பரவுகிறது என்ற வரியைப் பற்றியும் ஒன்று எழுதியிருந்தேன். செய்தி ஆசிரியர் அதை மட்டும் எடுத்துவிட்டார்.

பையனின் அப்பா அந்தப் பக்கத்தின் ஐந்து பிரதிகளை வாங்கிக்கொண்டு போய், ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றை டீக்கடையிலும் கொடுத்தார் என்று மகள் சொன்னாள். பையன் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். நடுவில் வந்த இரண்டு தேர்வுகள் போனது போனதுதான். சிவப்பு வட்டம் போட்ட வாட்ஸ்அப் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் திருக்கடையூரில் சொந்தக்காரர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கைப்பேசியை நீட்டி, "நீங்கதான் பத்திரிகையில இருக்கீங்களே, இது எந்த ஊருன்னு தெரியுமா?" என்று கேட்டார். விவரத்தைச் சொன்னேன். திருத்தம் வந்ததையும் சொன்னேன். அவர் பாயசத்தை இலையில் வழித்தபடி, "பின்ன, மேல இடத்துல பேசி மறைச்சிருப்பாங்க" என்றார்.

கணவருக்கு அந்தத் தனிச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போனில் அவராகவே, "நான் இப்பல்லாம் கொறைச்சுட்டேன்" என்றார். எவ்வளவு குறைத்திருக்கிறார் என்று அங்கே போய்ப் பார்க்கவா முடியும்?

மகள் என்னோடு பழையபடி பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பையை இப்போது அலமாரிக்குக் கீழே வைப்பதில்லை, கூடத்து நடுவில், ஜிப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். நான் தாண்டித்தான் நடக்கிறேன். சில நாள் முன்பு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நெல்லு குவியல் கிட்ட அவன் உங்கிட்ட என்னமோ சொன்னானே. என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்ல. படத்தப் பத்தித்தான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் கீரைக்கட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினாள். ஒவ்வொரு இலையாகக் கிள்ளிப் போட்டபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.